முதல் டேப்லெட்: ரேமுக்கு முன்னால் பக்கத்தின் அகலம்

தமிழில் நாவலோ கட்டுரைத் தொகுப்போ, பெரும்பாலும் அச்சாவது டெமி அளவில்தான். அந்தப் பக்கம் ஏறத்தாழ 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். இன்று கடைகளில் அதிகம் தென்படும் 11 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் 14.8 செ.மீ., உயரம் 23.7 செ.மீ. அதாவது, அச்சுப் புத்தகத்தின் ஒரு பக்கம் சுருங்காமல் அப்படியே அதில் உட்கார்ந்துவிடும். 8.7 அங்குல டேப்லெட்டில் அகலம் 11.3 செ.மீ.தான், அதே பக்கம் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிப்போகும். முதல் டேப்லெட் வாங்கப் போகிறவர் போட்டுப் பார்க்க வேண்டிய முதல் கணக்கு இதுதான் என்பேன். எந்த விளம்பரத்திலும் இது இருக்காது. அங்கே இருப்பதெல்லாம் எத்தனை ஜிபி ரேம், எத்தனை மெகாபிக்சல் கேமரா, எத்தனை ஆயிரம் எம்ஏஎச் பேட்டரி.

"புக் படிக்கணும், யூடியூப் பார்க்கணும், கொஞ்சம் நெட் பார்க்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டு ஷோரூமுக்குள் போனால், "அதுக்கு எதை எடுத்தாலும் போதும் சார்" என்பார்கள். பாதி உண்மை. யூடியூபுக்கு ஏறக்குறைய எதுவும் போதும். வாசிப்புக்குப் போதாது. தமிழ் வாசிப்புக்கு நிச்சயமாகப் போதாது.

எழுத்தா, படமா?

ஆங்கிலத்தில் படிப்பவர் ஒரு மின்னூல் வாங்கினால் அவர் கைக்கு வருவது எழுத்து. திரை சின்னதாக இருந்தால் வரிகள் தாமாக மடிந்துகொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கங்கள் கூடும், வேறு சிக்கல் இல்லை. தமிழிலும் அப்படிப்பட்ட நூல்கள் உண்டு. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பில், சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை தட்டச்சு செய்து வைத்திருக்கிறது. அமேசான் 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் நூல்களைக் கொண்டுவந்தது. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்த நூல்களை இபப் என்ற எழுத்து வடிவக் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் தமிழ் வாசகர் தேடிப் போகும் பெரும் புதையல் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் தளம், அப்புறம் இன்டர்நெட் ஆர்க்கைவ். இவற்றில் கிடைப்பவை பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பலவும், நின்றுபோன சிற்றிதழ்களும், மறுபதிப்பே காணாத அகராதிகளும் இந்த வடிவில்தான் நமக்குக் கிடைக்கின்றன. ஒவ்வொரு பக்கமும் ஒரு புகைப்படம். அதில் எழுத்தளவைக் கூட்ட வழியில்லை, படத்தைத்தான் பெரிதாக்கலாம். பெரிதாக்கினால் வரியின் முனை திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் விரலால் இடதும் வலதும் இழுத்துக்கொண்டு யாரும் முந்நூறு பக்கம் படிப்பதில்லை. போனில் பிடிஎஃப் படித்துப் பார்த்துக் கைவிட்டவர்களில் பலர் டேப்லெட் பக்கம் வருவதே இதனால்தான்.

ஆகவே, எந்த டேப்லெட் என்ற கேள்விக்கு முன்னால், உங்கள் வாசிப்பில் எழுத்து எவ்வளவு, படம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிண்டில் நூல்களும் இபப் கோப்புகளும் மட்டும் என்றால் 8.7 அங்குலமே தாராளம். எடையும் 330 கிராம் அளவில் நின்றுவிடும். படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடிக்கலாம், பஸ்ஸில் எடுத்துப் படிக்கலாம். சின்னத் திரையில் ஒரே ஒரு தொல்லை: தமிழ்ச் சொற்கள் நீளம், அவற்றை வரி இறுதியில் உடைக்கும் வசதி பெரும்பாலான செயலிகளில் தமிழுக்கு இல்லை. வரியை இரு பக்கமும் சமமாக நிரப்பும் அமைப்பு இருந்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும். அமைப்புகளில் போய் இடப்பக்கச் சீரமைப்புக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

ஸ்கேன் பிடிஎஃப்தான் பிரதானம் என்றால் 11 அங்குலத்துக்குக் குறையாதீர்கள். 8.7 அங்குலம் கையில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. டெமி பக்கத்தின் 14 செ.மீ.யில் இரு ஓரமும் வெள்ளை விட்டதுபோக எழுத்து நிற்கும் இடம் பத்தரை செ.மீ. போலத்தான் வரும். கேஓரீடர், லிப்ரேரா போன்ற செயலிகள் பக்கத்தின் வெள்ளை ஓரத்தைத் தானாகவே வெட்டிக்காட்டும். வெட்டியபின் மிஞ்சும் பத்தரை செ.மீ. அந்த 11.3 செ.மீ. திரையில் அச்சு அளவிலேயே வந்துவிடும். ஓரத்தில் யாரோ பென்சிலால் கிறுக்கிய, நூலக முத்திரை விழுந்த பக்கங்களில் இந்தத் தானியங்கி வெட்டு ஏமாந்துபோகும். அப்போது கையால் வெட்ட வேண்டியதுதான்.

ஏ4 பக்கங்கள் இன்னொரு சங்கதி. ஆய்வேடு, அரசாணை, அலுவலகச் சுற்றறிக்கை, போட்டித் தேர்வுக்கான குறிப்புகள் எல்லாம் இந்த அளவில் வரும். 21 செ.மீ. அகலமுள்ள ஏ4 பக்கம் 11 அங்குலத் திரையில் 70 சதவீதமாகச் சுருங்கும். 12 பாயிண்ட் எழுத்து எட்டரைக்கு இறங்கும். ஓரத்தை வெட்டினால் 90 சதவீதத்தைத் தொடலாம். அதனால் எப்போதாவது ஏ4 பார்ப்பவருக்கு 11 அங்குலம் போதும். தினமும் அதுவே வேலை என்றால் 12 அங்குலத்துக்கு மேலே போகலாம். ஆனால் எடையும் அதோடு ஏறும், மேஜையில் நிறுத்தி வைத்தே படிக்க வேண்டிவரும்.

திரையின் வடிவம்

அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது என்பதால் அதை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். ஒரே 11 அங்குலத்தில் ஒன்று ஒல்லியாக, ஒன்று அகலமாக இருக்கும். 2010-இல் வந்த முதல் ஐபேட் 9.7 அங்குலம், 4:3 வடிவம். அதாவது தாளின் வடிவத்தை ஒட்டியது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் பெரும்பாலானவை சினிமாவை மனதில் வைத்து 16:10 என்ற நீள வடிவத்துக்குப் போயின. ஒன்பிளஸ் 2023-இல் நடுவாந்தரமாக 7:5 வடிவத்தில் இறங்கியது. அந்த வரிசையின் 11.35 அங்குல மாடலில் திரையின் குறுக்ககலம் 16.8 செ.மீ. வருகிறது. சாதாரண ஐபேடில் 15.8, 16:10 ஆண்ட்ராய்டில் 14.8.

"வீடியோ பார்க்க நீளத் திரைதான் நல்லது, ஐபேடில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும்" என்று சொல்வார்கள். பட்டை வருவது உண்மை. ஆனால் அளந்து பாருங்கள்: 16:10 திரையில் யூடியூப் படம் 23.7 செ.மீ. அகலத்துக்கு விரியும், ஐபேடில் 22.7. ஒரே ஒரு செ.மீ. வித்தியாசம். கறுப்புப் பட்டை கண்ணை உறுத்துமே தவிர, படம் ஒன்றும் சின்னதாகிவிடவில்லை. அகலத் திரைப் படங்களுக்கு 16:10 திரையிலும் பட்டை வரத்தான் செய்யும். போனோடு ஒப்பிட்டால் இரண்டுமே எங்கோ போய்விட்டன: 6.7 அங்குலப் போனில் யூடியூப் படம் பிடிக்கும் பரப்பைப்போல் 11 அங்குலத்தில் மூன்றரை மடங்கு. இதனால்தான் வடிவத்தை வாசிப்பை வைத்து முடிவு செய்யச் சொல்கிறேன். வீடியோ எந்த வடிவத்துக்கும் பழகிக்கொள்ளும்.

அடுத்தது கூர்மை. ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று பார்க்க வேண்டும். ஐபேடில் 264. 1920×1200 பிக்சல் உள்ள 11 அங்குலத் திரையில் 206. 1340×800 உள்ள 8.7 அங்குலத்தில் 179. மலிவு விலை 10.1 அங்குல டேப்லெட்டுகள் பலவற்றில் 1280×800தான் இருக்கும், அது 149. பெட்டியில் "எச்டி டிஸ்ப்ளே" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் இந்த வகையைத்தான். 149 திரையில் ஒரு பிக்சலின் அகலம் 0.17 மி.மீ. சிறிய எழுத்தில் அச்சான ஒரு மெய்யெழுத்தின் புள்ளிக்கு இதில் கிடைப்பது இரண்டோ மூன்றோ பிக்சல். ஸ்கேனும் மங்கலாக இருந்துவிட்டால் புள்ளி இருக்கிறதா, தாளின் அழுக்கா என்று தெரியாது. மு எது, ழு எது என்று வாக்கியத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்கள் இன்னும் மோசம்: துதிக்கை வைத்த ணை, லை, னை எல்லாம் நெருக்கமான சுழிகள், குறைந்த பிக்சலில் ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும். ஆங்கில விமர்சகர்கள் "இந்த விலைக்கு இந்தத் திரை பரவாயில்லை" என்று தாண்டிப்போகும் இடத்தில் நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான். என் கணக்கில் 200-க்குக் கீழே இருந்தால் ஸ்கேன் நூல்களுக்கு வேண்டாம்.

90 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ் என்று திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது எனச் சொல்வதெல்லாம் விரலால் தள்ளும்போது வழுக்கிக்கொண்டு போவதற்கு. இருந்தால் சுகம், அதற்காகக் கூடுதல் பணம் வேண்டாம்.

சிப், ரேம், இடம்

படிக்கிறதுக்கு எதற்கு வேகமான சிப் (பிராசசர்) என்று தோன்றும். எழுத்து நூலுக்கு வேண்டாம்தான். ஸ்கேன் பிடிஎஃபில் கதையே தலைகீழ். ஒவ்வொரு பக்கமும் அழுத்திச் சுருக்கப்பட்ட ஒரு பெரிய படம். பக்கம் திருப்பும்போதெல்லாம் சிப் அதை விரித்தாக வேண்டும். இன்டர்நெட் ஆர்க்கைவின் பிடிஎஃப்களில் பயன்படும் ஜேபெக் 2000 என்ற சுருக்கமுறை இதில் தனிக் கனம். பலவீனமான டேப்லெட்டில் பக்கம் திருப்பினால் முதலில் மங்கலாக ஒரு நிழல், அப்புறம் ஒரு விநாடி, அப்புறம்தான் எழுத்து. அகராதியில் சொல் தேடும்போது இது எரிச்சலின் உச்சம். மாறாக, யூடியூப் வீடியோவைப் பிரித்துக் காட்ட சிப்பிலேயே தனிப் பகுதி இருப்பதால் சுமாரான டேப்லெட்டிலும் அது சரளமாக ஓடிவிடும். கடையில் வீடியோவை ஓட்டிக்காட்டி "எவ்வளவு ஸ்மூத் பாருங்க" என்றால் அதில் வியக்க ஒன்றுமில்லை.

ரேம் என்ற தற்காலிக நினைவகத்தைத் தின்பது இணைய உலாவல். விளம்பரமும், தானே ஓடும் வீடியோவும், நடுவில் எழும் அறிவிப்புகளுமாக நம் செய்தித் தளங்கள் எப்படி இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அப்படி நாலு தாவல் திறந்து வைத்துவிட்டு நூலுக்குப் போய்த் திரும்பினால், ரேம் குறைவான டேப்லெட் பக்கத்தை முதலிலிருந்து மறுபடி ஏற்றும். நீங்கள் படித்துக்கொண்டிருந்த இடம் போயிருக்கும். 3 ஜிபி வேண்டவே வேண்டாம். 4 ஜிபி இன்றைக்கு ஓடும், இரண்டு வருஷத்தில் திணறும். 6 அல்லது 8 எடுப்பது நல்லது. "4 + 4 ஜிபி ரேம்" என்று போட்டிருந்தால் பின்னால் உள்ள 4 ரேமே கிடையாது. ஸ்டோரேஜில் கொஞ்சம் கடன் வாங்கி ரேம்போலப் பாவிப்பது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஐபேடில் இந்த எண் விளையாட்டு கிடையாது, ஆப்பிள் ரேம் அளவை விளம்பரத்தில் சொல்வதே அபூர்வம்.

ஸ்டோரேஜ் 64 ஜிபி என்றால் அதில் சிஸ்டமே பதினைந்து ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஸ்கேன் நூல் ஒன்று சில சமயம் நூறு எம்பியைத் தாண்டும். ஆனால் ஆண்ட்ராய்டில் மெமரி கார்டு போடும் வசதி இருந்தால் நூல்களை அதில் தள்ளிவிடலாம், கவலை இல்லை. ஐபேடில் கார்டு போட இடமில்லை. 2025 மார்ச்சில் வந்த சாதாரண ஐபேட் 128 ஜிபியில் தொடங்குவதால் வாசிப்புக்கு அது போதுமானது.

நெட்ஃபிளிக்ஸ் மட்டும் ஏன் மங்கல்?

வீடியோவுக்கு எதுவும் போதும் என்றேனே, அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. யூடியூப் பளிச்சென்று இருக்கும், நெட்ஃபிளிக்ஸ் மட்டும் பழைய விசிடி மாதிரித் தெரியும். நெட் வேகத்தைத் திட்டுவார்கள். காரணம் வேறு. காசு கட்டிப் பார்க்கும் தளங்கள் தங்கள் படங்களைப் பூட்டியே அனுப்புகின்றன. ஆண்ட்ராய்டில் அந்தப் பூட்டு கூகுளின் வைட்வைன். டேப்லெட்டின் சிப்புக்குள் பாதுகாப்பான பகுதியில் பூட்டைத் திறக்கும் சான்று பெற்றிருந்தால் அது எல்1. மென்பொருளாலேயே திறந்தால் எல்3. எல்3 டேப்லெட்டுக்கு நெட்ஃபிளிக்ஸ் 480பி (உயரத்தில் 480 பிக்சல்) தரத்துக்கு மேல் அனுப்பாது. திரை 1920×1200 ஆக இருந்தாலும் பயனில்லை. அந்தச் சான்றைப் பெற உழைப்பும் செலவும் ஆகும் என்பதால் மலிவு நிறுவனங்கள் அதை விட்டுவிடுகின்றன. பெட்டியிலும் போட மாட்டார்கள். பிளே ஸ்டோரில் டிஆர்எம் இன்ஃபோ என்ற சின்னச் செயலி இருக்கிறது. போட்டுப் பார்த்தால் எல்1, எல்3 என்று சொல்லிவிடும். ஐபேடில் ஆப்பிளின் சொந்தப் பூட்டு என்பதால் இந்தப் பிரச்சினை எழுவதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய் மொபைல் திட்டம் டேப்லெட்டிலும் ஓடும், ஆனால் அந்தத் திட்டமே 480பிதான். அதில் இருப்பவருக்கு எல்1 இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டேப்லெட்டைக் கிடையாகப் பிடித்தால் இடம், வலம் இரு பக்கமும் ஓட்டை இருக்க வேண்டும். ஒரே பக்கம் இருந்தால் உள்ளங்கையால் மூடிக்கொண்டு பாட்டுக் கேட்க வேண்டியதுதான். 3.5 மி.மீ. ஹெட்போன் ஜாக் ஆண்ட்ராய்டில் சில மாடல்களில் இன்னும் இருக்கிறது, சாதாரண ஐபேடில் 2022 மாடலிலிருந்து கிடையாது.

கண்ணைப் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. நீல ஒளியைக் குறைக்கும் திரை, கண்ணுக்குச் சான்றிதழ் பெற்ற திரை என்று விற்கிறார்கள். திரையின் நீல ஒளி கண்ணைக் கெடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்றுதான் அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி சொல்கிறது. கண் எரிவது, திரையை உற்றுப் பார்க்கையில் நாம் இமைக்க மறப்பதால். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தில் எதையாவது இருபது விநாடி பாருங்கள் என்பது அவர்களின் யோசனை. அதற்குப் பணம் செலவில்லை. வெயிலில் உட்கார்ந்து நாவல் மட்டும் படிப்பவருக்கு டேப்லெட்டைவிட, மின்மை (இ-இங்க்) திரையுள்ள கிண்டில் கருவி பல மடங்கு சுகம். ஆனால் அதில் வீடியோ கிடையாது, ஆறு ஏழு அங்குலத்தில் ஸ்கேன் பிடிஎஃப் படிப்பதும் பாடுதான். கண் பார்வை குறைந்தவர்களுக்காக இன்னொரு வசதி: ஆண்ட்ராய்டு, ஐபேட் இரண்டிலும் தமிழில் வாசித்துக் காட்டும் குரல் இருக்கிறது. எழுத்து நூலை வாசிக்கும், ஸ்கேன் படத்தின் முன் வாயடைத்துப்போகும்.

மலிவு என்றால் எதுவரை?

2011 அக்டோபரில் டெல்லியில் அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் ஆகாஷ் டேப்லெட்டை வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. சுமார் 50 டாலர் அடக்கத்தில், மாணவர்களுக்கு அதைவிடக் குறைவாக ஒரு டேப்லெட். டேட்டாவிண்ட் தயாரித்த அந்த முதல் மாடலில் 366 மெகாஹெர்ட்ஸ் சிப், 256 எம்பி ரேம், 7 அங்குலத் திரை. திரையோ லேசான தொடுகையை உணராமல், அழுத்தத்தை உணரும் வகை. தொட்டால் போதாது, அமுக்க வேண்டும். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தப் பணத்துக்கு எந்தப் பாகம் கிடைக்குமோ அதைத்தான் போட முடியும். திரையும் சிப்பும் விலை இறங்கினால்தான் டேப்லெட் இறங்கும். அடுத்த ஆண்டே ஆகாஷ் 2 தொட்டாலே உணரும் திரையோடு வந்தது, அதற்குள் முதல் மாடலின் பெயர் கெட்டுவிட்டிருந்தது.

இன்றும் அந்த விதி மாறவில்லை. ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய்க்கு "12 ஜிபி ரேம், 512 ஜிபி, 5ஜி" என்று கேள்விப்படாத பெயரில் ஒரு டேப்லெட் இணையத்தில் கண்ணில் பட்டால், அந்த எண்களில் எதுவும் உண்மையாக இருக்க வாய்ப்பில்லை. எண் பொய் என்பதோடு போனாலும் பரவாயில்லை. அமெரிக்காவின் இணைய உரிமை அமைப்பான எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் 2023-இல் இணையத்தில் விற்ற குழந்தைகளுக்கான மலிவு டேப்லெட் ஒன்றைப் பிரித்துச் சோதித்தபோது, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே அதில் தீம்பொருளின் தடயங்கள் இருந்தன. நம் ஜிமெயிலும் வங்கிச் செயலியும் போகப்போகிற இடம் அது. பிளே ஸ்டோரின் அமைப்புகளில், அறிமுகப் பகுதியில், பிளே புரொடெக்ட் சான்று பெற்ற சாதனமா என்று ஒரு வரி இருக்கும். சான்று இல்லை என்று வந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள்.

பன்னிரண்டாயிரத்திலிருந்து இருபதாயிரம் ரூபாய் வரை, சாம்சங், ஷாவ்மி, லெனோவோ, ஒன்பிளஸ் போன்ற பெயர்களில், 11 அங்குலம், 1920×1200 அல்லது அதற்கு மேல், 6 அல்லது 8 ஜிபி ரேம், 128 ஜிபி, எல்1. வாசிப்பு, வீடியோ, உலாவல் மூன்றுக்கும் இதுதான் சரியான இடம் என்பது என் அபிப்பிராயம். சாதாரண ஐபேட் 2025 மார்ச்சில் 34,900 ரூபாய்க்கு வந்தது. விலை ஏறக்குறைய இரட்டிப்பு. அதற்கு ஈடாகக் கூர்மையான, அகலமான திரையும் நீண்ட ஆயுளும் கிடைக்கின்றன. 2014-இல் வந்த ஐபேட் ஏர் 2-க்கு 2021-இன் ஐபேட்ஓஎஸ் 15 வரை கிடைத்தது, ஏழு வருஷம். விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கு அந்த ஆயுள் அபூர்வம். ஆறேழு வருஷம் வைத்திருக்கப்போகிறவர் யோசிக்கலாம். மூன்று வருஷத்தில் மாற்றிவிடுவோம் என்று தெரிந்தால் எதற்கு?

சிம் போடும் மாடல் வேண்டுமா? வீட்டில் வைஃபை, வெளியே போனின் ஹாட்ஸ்பாட் என்று ஓட்டுபவருக்கு வேண்டாம். அந்த 34,900 ஐபேட் சிம்மோடு 49,900-க்கு வந்தது. அந்தப் பதினைந்தாயிரத்தில் ஒரு நல்ல போனே வந்துவிடும். ஆண்ட்ராய்டில் வித்தியாசம் சில ஆயிரங்கள்தான். தனியே இருக்கும் அப்பா அம்மாவுக்கு என்றால் அதைக் கொடுத்துவிடலாம், ஹாட்ஸ்பாட் போடச் சொல்லிக்கொடுப்பது நமக்கு மிச்சம். வாட்ஸாப்பைப் போனோடு இணைத்து டேப்லெட்டில் பயன்படுத்தலாம்; ஐபேடுக்கும் 2025 மே மாதம் தனிச் செயலி வந்துவிட்டது. பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பெரிதாகப் பார்ப்பதற்காகவே டேப் வாங்கும் தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள்.

கடையில்

நீங்கள் படிக்க நினைக்கும் ஒரு ஸ்கேன் பிடிஎஃபைப் பென்டிரைவில் போட்டு, யூ.எஸ்.பி. சி முனை உள்ளதாகப் பார்த்து எடுத்துப் போங்கள். டெமோ பீஸில் அதைத் திறக்கச் சொல்லுங்கள். ஷோரூமில் டெமோ பீஸ் எப்போதும் முழு வெளிச்சத்தில் மயில் படத்தை ஓட்டிக்கொண்டிருக்கும். அதில் எந்தத் திரையும் அழகுதான். வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, நூலின் நடுவில் ஒரு அடிக்குறிப்பு உள்ள பக்கத்துக்குப் போய், அடிக்குறிப்பைப் பெரிதாக்காமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். நாலைந்து பக்கம் வேகமாகத் தள்ளுங்கள். விற்பனையாளர் கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை. ஐந்து நிமிஷம் ஒரு கையில் தூக்கிப் பிடியுங்கள்; 11 அங்குல டேப்லெட்டின் 480 கிராம் காகிதத்தில் லேசு, மணிக்கட்டில் அப்படி இல்லை. அதற்கு மேல் மூடியோடு கூடிய கேஸ் இன்னும் இருநூறு கிராம் ஏற்றும்.

பெட்டியில் தயாரித்த மாதமும் வருஷமும் அச்சிட்டிருக்கும், சட்டப்படி இருந்தாக வேண்டும். ஒன்றரை வருஷம் கிடங்கில் கிடந்த சரக்குதான் தள்ளுபடியில் வருகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். மாடல் வெளியான நாளிலிருந்துதான் நிறுவனம் அப்டேட் கணக்கை எண்ணுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேபிளை மட்டும் வைத்து அனுப்புவது இப்போது சகஜம். 7,000 எம்ஏஎச் பேட்டரியை 15 வாட்டில் ஏற்ற மூன்று மணி நேரம் பக்கம் ஆகும், பழைய போன் சார்ஜரில் ராத்திரி முழுக்க.

பழைய ஐபேட் வாங்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். சென்னை ரிச்சி தெருவிலும் இணையத்திலும் பத்துப் பன்னிரண்டாயிரத்துக்குக் கிடைக்கிறதே என்பார்கள். ஐபேடில் எந்த உலாவியைப் போட்டாலும் அடியில் ஓடுவது, பக்கங்களைத் திறந்துகாட்டும் ஆப்பிளின் வெப்கிட் மென்பொருள். அது புதுப்பிக்கப்படுவது இயங்குதளத்தோடு சேர்த்துத்தான். இயங்குதள அப்டேட் நின்றால் உலாவியும் அங்கேயே நின்றுவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத் தளங்கள் திறக்க மறுக்கும். 2025-இன் ஐபேட்ஓஎஸ் 26, 2019-இல் வந்த ஏழாம் தலைமுறை ஐபேடைக் கைவிட்டுவிட்டது. 2020-இன் எட்டாம் தலைமுறை அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் குரோம் தனியாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதால் இழுபறி கொஞ்சம் நீளும், ஆனால் அங்கேயும் 2025-இல் குரோம் ஆண்ட்ராய்டு 8, 9 இரண்டையும் விட்டுவிட்டது. ஆகவே பழைய ஐபேட் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தையது வேண்டாம். எடுப்பதாக இருந்தால் பணம் கொடுக்கும் முன் பழைய சொந்தக்காரர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து அதை நீக்கிவிட்டாரா என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். நீக்காமல் கைமாறிய ஐபேட் பூட்டியே கிடக்கும், எந்த சர்வீஸ் கடைக்காரரும் நேர்வழியில் திறந்து தர முடியாது. பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்து ஐந்து வருஷத்துப் பேட்டரியை வாங்குவதா, இன்னும் இரண்டாயிரம் சேர்த்துப் புது 11 அங்குல ஆண்ட்ராய்டு எடுப்பதா என்றால், நான் புதுசுக்குத்தான் போவேன்.